பெரிய ற

ஜூன் 9, திங்கள்

இன்றும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் மசித்த வாழைப்பழம். ஸ்பூனைக் கண்டதும் உதடுகளை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். வழக்கம்போல மூக்குக் குழாயில்தான் கஞ்சித் தண்ணீரை ஊற்றினேன். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பிய நாளிலிருந்து இதே பாடு. வலது கையும் காலும் போயின. பேச்சு போயிற்று. பிடிவாதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெங்களூரிலிருக்கும் எங்கள் மகன் இளங்கோ ஒரு நர்ஸ் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தான். அவள் "தாத்தா செல்லம், ஆ காட்டுங்க" என்று கொஞ்சினாள். ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்கிய ஆள் அவர். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவருக்காக இல்லை. எனக்கு அந்தக் கொஞ்சல் பிடிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

எதிர் வீட்டுப் பெனிட்டா ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தாள். இந்த அடுக்குமாடியில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் எல்லாம் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க என்னிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார் என் அப்பா. அதற்குப் பிறகு என் அண்ணன் செல்லத்துரையின் பள்ளிப் புத்தகங்களை அவன் தூங்கிய பிறகு எடுத்துப் படித்துக் கற்றுக்கொண்டது என் இலக்கணம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் யாரும் அதைக் குறை சொல்லவும் முடியாது.

பெனிட்டா கொண்டுவந்தது பத்திரிகை இல்லை. டாரட் என்று ஒரு சீட்டுக்கட்டு. அதிலுள்ள படங்களைப் பார்த்துப் பலன் சொல்வாளாம். போனிலேயே ஆட்கள் கேட்கிறார்களாம். ஒவ்வொரு சீட்டுக்கும் தமிழில் பொருள் எழுதியிருக்கிறாள். பிழை திருத்தித் தர வேண்டுமாம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். "எங்க அம்மாவுக்கும் இல்ல ஆன்ட்டி. பைபிளைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு என்னையே பார்க்குறாங்க. உங்ககிட்ட நான் நம்பிக்கை கேக்கல, ஒற்றுப்பிழைதான் கேக்குறேன்" என்றாள். வாய் அதிகம். காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

இளங்கோ போன் செய்தான். மூக்குக் குழாயை இப்படியே ரொம்ப நாள் விட முடியாதாம். ஜூலை நான்காம் தேதி டாக்டர் பார்ப்பார். அதற்குள் வாய் வழியாக நாலு ஸ்பூனாவது இறங்கவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பார்களாம். அப்படி வைத்தால் என்னால் தனியாகப் பார்க்க முடியாதாம். பெங்களூரில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். அவரை அங்கே சேர்த்துவிட்டு நான் அவனோடு இருக்கலாமாம்.

"உங்களுக்கும் ஒரு ரெஸ்ட்டும்மா. காலமெல்லாம் அவரோட மல்லுக்கட்டினது போதும்."

சரி, நல்லது, அப்படியே செய் என்றேன். போனை வைத்துவிட்டு ஏனோ கேழ்வரகை ஊறப் போட்டேன். முளைகட்டி அரைத்தால் கூழ் வழுவழுப்பாக வரும்.

ஜூன் 16, திங்கள்

பால் வரவில்லை. துணி துவைத்தேன். அவருக்கு முதுகில் பவுடர் போட்டேன். வாய் திறக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

பெனிட்டாவின் காகிதம் முழுக்கச் சிவப்பு. அவள் ஒரு எழுத்தையும் அதன் இடத்தில் வைப்பதில்லை.

திருத்தியதை வாங்க வந்தவள், கூலியாக ஒரு சீட்டு எடுங்கள் என்று கட்டை விரித்தாள். வேண்டாம் என்றேன். போக மாட்டேன் என்று சோபாவில் உட்கார்ந்தாள். அவளை அனுப்புவதற்காக ஒன்றை உருவினேன். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், தலையில் பூ, தலைக்கு மேலே படுத்துக் கிடக்கும் ஒரு எட்டு. பக்கத்தில் சிங்கம். அவள் இரண்டு கையையும் அதன் வாயில் வைத்திருக்கிறாள். சீட்டின் பெயர் வலிமை.

பெனிட்டாவுக்கு ஒரே சந்தோஷம். காகிதத்தில் அந்தச் சீட்டைத் தேடி எடுத்து உரக்கப் படித்தாள். நான் அந்தப் பக்கத்தை இன்னும் திருத்தியிருக்கவில்லை. பெயர்தான் வலிமை, உண்மையான பொருள் வேறு என்று எழுதி, அடுத்த வரியில் பெரிதாக இப்படிப் போட்டிருந்தாள்: இறக்கம்.

"இது மேட்டிலேர்ந்து இறங்குற இறக்கம். நீ சொல்ல வந்தது சின்ன ர போட்டு எழுதுற இரக்கம். மனசு இரங்குறது" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே ஆன்ட்டி கேக்குது?"

காதுக்கு ஒன்று போலக் கேட்பதற்கும் பொருள் ஒன்றாக இருப்பதற்கும் உள்ள தூரத்தை அவளுக்கு விளக்கினேன். கேட்டபடியே என் டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்றாள். அந்தப் பக்கத்தை வாங்கி, பெரிய றவை வட்டமிட்டுப் பக்கத்தில் சின்ன ர எழுதினேன். அந்த ஒரு தாளையும் சீட்டையும் மறந்து இங்கேயே விட்டுப் போய்விட்டாள். காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தேன். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று.

ஜூன் 20, வெள்ளி

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கும் ஃபர்ஹானா வந்தாள். சின்னப் பெண், ஆனால் தொழிலில் கறார். கழுத்தைத் தொட்டுப் பார்த்து, எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்த்து, தொண்டை நன்றாகவே வேலை செய்கிறது என்றாள். வாயைத்தான் திறக்க மாட்டேன் என்கிறாராம்.

என்னை ஊட்டச் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்த்தாள். நான் கூழை எடுத்துக்கொண்டு, "வாயைத் திறக்கணும். ஆறிடும்" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"அம்மா, யார்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டாள் ஃபர்ஹானா.

எனக்குக் கேள்வி புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன்.

தமிழில் ஒரு வசதி உண்டு. யாரையும் கூப்பிடாமலே பேசலாம். சாப்பாடு ஆயிருச்சு. மாத்திரை போடணும். கரண்ட் பில் கட்டணும். நீங்கள் என்றும் வேண்டாம், வாங்க போங்க என்றும் வேண்டாம். எதிரில் நிற்பவருக்குச் செய்தி போய்விடும், ஆனால் அவரோடு பேசியதாக ஆகாது. பதினோரு வருஷமாக இந்த வீடு இப்படித்தான் ஓடுகிறது. இளங்கோவுக்குக்கூட இது தெரியாது. ஒரு மணி நேரத்தில் இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள்.

மூளையில் அடிபட்டவர்களுக்கு, அவர்களைப் பார்த்து, அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னால்தான் அது தனக்குச் சொன்னது என்று உறைக்குமாம். "பேர் சொல்லியாவது, என்னங்கன்னாவது கூப்பிடுங்கம்மா" என்றாள். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம் இல்லை என்றேன். என்னங்க என்பதை எப்போது நிறுத்தினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

நான் காரணமில்லாமல் வாய்மூடி இருப்பதாக யாரும் நினைக்கக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்ற நாள். மண்டபம் பிடித்து மதியச் சாப்பாடு. காலையில் நான் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து, கிளம்பலாம் என்றார். அவ்வளவுதான்.

மணப்பாறையில் என் அண்ணன் செல்லத்துரை இறந்துபோன செய்தி அது. பேசியது அண்ணன் மகன். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். இங்கிருந்து மணப்பாறை ஒரு மணி நேர பஸ். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சிரித்துச் சிரித்து ஊற்றினேன். அவருக்கும் ஊற்றினேன். அவர் தொடவே இல்லை, இலையை மூடிவிட்டு எழுந்தார். இனிப்பு குறைச்சலோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காப்பி குடித்து முடித்த பிறகு சொன்னார். சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டதாம், ஆட்கள் எல்லாம் வந்துகொண்டிருந்தார்களாம்.

எனக்கு எழுத்தைக் கொடுத்தவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. நான் அன்று கத்தவில்லை, கேட்கவில்லை, அழுததை அவர் பார்க்கவும் விடவில்லை. பேச வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்ட மனுஷனுக்கு என் வாயும் மூடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் செய்ததுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இளங்கோ மறுபடியும் போன். அப்பாவுக்குப் பாயசம் உயிர் ஆயிற்றே, கெட்டியாக வைத்து ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள் என்கிறான். நான் இந்த வீட்டில் பாயசம் வைத்து வருஷக்கணக்காகிறது. அவரும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வைக்க மாட்டேன் என்றேன். ஏன் என்றான். சர்க்கரை என்றேன்.

சாயங்காலம் பெனிட்டா வந்தாள். சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தேன். கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவு செய்துகொண்டேன். இந்தப் பெண் சிங்கத்தின் வாயை மூடுகிறாளா, திறக்கிறாளா?

"சில பேர் மூடுறாங்கறாங்க, சில பேர் திறக்குறாங்கறாங்க. எனக்கே தெரியல ஆன்ட்டி. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மூடுகிறாள் என்றேன். கர்ஜித்துக் கர்ஜித்து வீட்டை நடுங்க வைத்ததற்கு இப்போது மூடுகிறாள். அதுதானே வலிமை?

பெனிட்டா உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடக்குறதுக்கு வலிமைன்னு பேர் வைக்க ஒரு சீட்டு எதுக்கு, அதான் சாட்டை இருக்கே. இவ கையில ஒண்ணுமே இல்ல பாருங்க. கடிக்கும்னு தெரிஞ்சும் பக்கத்துல போறா" என்றாள்.

"ஏற்கெனவே கடிபட்டவளும் போகணுமா?"

"கடிபட்டவளுக்குத்தானே கடிக்கும்னு தெரியும்."

இரக்கம் என்பது இருப்பவர் இல்லாதவருக்குப் போடுவது, என்னிடம் அவருக்குப் போட ஒன்றும் இல்லை என்றேன். முறுக்கு டப்பாவை எடுத்து மூடி வைத்தேன். சீட்டை வாங்காமலே போய்விட்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

கூழ் பதமாக வந்திருந்தது. அவர் வாயை இறுக்கிக்கொண்டார். நாள் நெருங்குகிறதே என்ற கோபத்தில், கட்டில் ஓரமாக நின்றுகொண்டு, தாடையின் இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்தித் திறந்து ஸ்பூனை உள்ளே விட்டேன். அவர் தலை அண்ணாந்தது. இருமல் பிடித்தது. முகம் கருத்து, கண் பிதுங்கி, இடது கையால் என் புடவையைப் பற்றிக்கொண்டார். முதுகைத் தட்டினேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது. மூச்சு சீரானது.

ஸ்பூன் கீழே விழுந்தது. கைப்பிடி வழுக்கல், வேறு ஒன்றும் இல்லை.

புடவையை அவர் ரொம்ப நேரம் விடவில்லை. எனக்கும் வேலை ஒன்றும் அவசரமாக இல்லை, நின்றேன்.

ஜூன் 28, சனி

தாடையில் என் விரல் பட்ட இடம் கன்றிப் போயிருக்கிறது. விளக்கெண்ணெய் தடவினேன்.

ஜூன் 30, திங்கள்

ஃபர்ஹானாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறைப்பது என் வழக்கம் இல்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். கன்றிய இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு வெறும் ஸ்பூனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். என் முகம் தானாகவே மேலே போனது.

"பாத்தீங்களா? மேலேர்ந்து ஊட்டுனா தலை அண்ணாந்துரும். அண்ணாந்தா மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும். அவர் தாடை கீழ பார்த்து இருக்கணும்னா, நீங்க அவர் கண்ணுக்குக் கீழ இருக்கணும். இறங்கி உக்காருங்கம்மா. இறங்குனாதான் இறங்கும்."

அவள் சொன்னது கூழைத்தான். நான் காலண்டர் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

தூக்கம் வராததால் அகராதியை எடுத்தேன். இரங்கு, இறங்கு. இரண்டுக்கும் வேர் வேறு. சந்தேகமே இல்லை. நான் திருத்தியது சரி.

சீட்டை மறுபடியும் பார்த்தேன். இத்தனை நாளும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முதுகு வளைந்திருக்கிறது. குனிந்து நிற்கிறாள். சிங்கத்தின் நாக்கு வெளியே நீண்டிருக்கிறது. கடிக்கிற வாயில் நாக்கு அப்படி இருக்காது. முன்பே கவனித்திருக்க வேண்டும். படம் சின்னது, என் கண்ணாடியும் பழையது.

ஜூலை 2, புதன்

அவரைச் சக்கர நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். குளியலறையில் துணி துவைக்க வைத்திருக்கும் குட்டி முக்காலியை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். முட்டி மடக்க வலித்தது. எழுந்திருக்க முடியுமா என்று முதலில் அந்தக் கவலைதான்.

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பக்கத்தில், கீழே இருந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை. முகவாய்க்கு அடியில் சவரம் படாத ஒரு கொத்து வெள்ளை முடி. நான்தான் சவரம் செய்கிறேன், மேலிருந்து செய்ததால் தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சுவரைப் பார்க்க அவருக்கு இடம் இல்லை. நான்தான் எதிரில் இருந்தேன். குனிந்து என்னைப் பார்த்தார்.

கூழை எடுத்தேன். வாயைத் திறக்கணும் என்று சொல்லத்தான் வந்தேன். வேறு ஒன்று வந்தது.

"ஏன் சொல்லல நீ?"

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவரை நான் நீ என்று சொன்னதே இல்லை. பேசிய காலத்தில் நீங்கள், பேசாத காலத்தில் ஒன்றுமில்லை. வந்தது வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடிப் போய்ப் பாத்திருப்பேன்ல. எங்க அண்ணன் மூஞ்சியப் பாக்க விடாம பண்ணிட்டியே நீ. பாயசம் ஊத்த வச்சியே."

எது என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது அவர் முகம், இத்தனை வருஷமும் வாசலில் நின்று யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் மாதிரி. வாய் திறந்தது. சத்தம் வந்தது. வார்த்தை இல்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். சிங்கத்தின் சத்தம் என்று எழுத ஆசைதான், ஆனால் அது அப்படி இல்லை. கன்று கத்துவது போல இருந்தது.

அழட்டும் என்று விட்டேன். நானும் எழுந்து போகவில்லை. முட்டி அப்படி. அவர் இடது கை என் தலையைத் தேடி வந்து, நெற்றியில் இடித்து, அங்கேயே நின்றது. மூச்சு அடங்கும்வரை காத்திருந்தேன். முந்தானையால் அவர் வாயையும் கண்ணையும் துடைத்தேன்.

பிறகு அரை ஸ்பூன் எடுத்தேன்.

"குனி. ஆ காட்டு."

காட்டினார்.

"முழுங்கு."

தொண்டையில் அந்தக் கட்டி மேலே ஏறி, கீழே இறங்கியது. கீழே இருந்து பார்ப்பதால் நன்றாகத் தெரிந்தது. அடுத்த ஸ்பூனுக்கு நான் சொல்லும் முன்பே வாய் திறந்திருந்தது.

கிண்ணத்தில் பாதி காலி.

ஜூலை 3, வியாழன்

காலையிலும் சாப்பிட்டார். மதியமும். இளங்கோவிடம் சொன்னேன். என்னம்மா செய்தீர்கள் என்றான். உட்காரும் இடத்தை மாற்றினேன் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

டாக்டர் முன்னால் அவர் சாப்பிட்டுக் காட்டினார். அங்கே முக்காலி இல்லாததால் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துதான் ஊட்டினேன், யார் பார்த்தால் என்ன. துளை இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். ஒரு மாதம் பார்ப்பாராம். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பராமரிப்பு இல்லத்தில் சொல்லி வைத்திருந்த இடத்தை விட்டுவிடச் சொல்லி இளங்கோவிடம் சொன்னேன்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பு கேட்க அவரால் இயலாது, கேட்டாலும் அண்ணன் முகம் திரும்பி வராது. பாயசமும் வைக்க மாட்டேன். ஆனால் இன்னும் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும், அதற்குச் சாப்பிட வேண்டும்.

வண்டியில் திரும்பி வரும்போது, "வெயில் அடிக்குதா, நகந்து உக்காரு" என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். இந்த வயதில் புருஷனை நீ என்கிறாளே என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

பெனிட்டாவின் சீட்டையும் மிச்சமிருந்த தாளையும் காலண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். என் சிவப்பு வட்டத்தைப் பார்த்தேன். பக்கத்தில் எழுதியிருந்த சின்ன ரவை அடித்தேன்.

வந்து வாங்கிப் பார்த்த பெனிட்டா குழம்பிவிட்டாள். "முதல்ல தப்புன்னீங்களே ஆன்ட்டி. இப்ப எது சரி?"

"மத்த எல்லா இடத்துலயும் சின்ன ர. இந்த ஒரு சீட்டுக்கு மட்டும் பெரிய ற."

"யாராவது தமிழ் தெரிஞ்சவங்க பிழைன்னு சொன்னா?"

என்னிடம் அனுப்பு என்றேன். உள்ளேயிருந்து ஸ்பூனால் கிண்ணத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. இடது கைக்கு அது புதுப் பழக்கம். வந்துக்கிட்டுதானே இருக்கேன், பொறு என்று சொல்லிவிட்டு, முக்காலியை எடுக்கப் போனேன்.